பணியிட வாகன விபத்தில் உயிரிழப்பு: குற்றவியல் அலட்சியத்தை நிரூபிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நேரத்தில் வாகனம் மோதியோ, கவிழ்ந்தோ, தானாக உருண்டு வந்து நசுக்கியோ ஒருவர் இறந்துபோனால், இழப்பீடு எவ்வளவு என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் எழுகிறது: நடந்தது விபத்து மட்டும்தானா, அல்லது குற்றமா? இறந்தவரின் குடும்பத்தார், தொழிற்சங்கத்தினர், பாதுகாப்பு அலுவலர்கள், சில சமயங்களில் குற்றம் சாட்டப்பட்ட டிரைவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டுத் தீர்ப்பு என்பது அந்தந்த இடத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

பணியிட வாகன விபத்து என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுபவரின் மரணம் மட்டுமல்ல, கிடங்குக்குள் பின்னோக்கி வந்த போர்க்லிஃப்டில் சிக்கியவர், குவாரிச் சரிவில் உருண்ட டிப்பரின் அடியில் அகப்பட்டவர், தண்டவாளப் பணியில் நின்றபோது டிராலி மோதியவர், நிறுவன வேனில் வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் ஆகிய எல்லோருடைய மரணமும் இதில் அடங்கும். இது அரிதான வகையும் அல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கின்படி, 2023 இல் அந்நாட்டில் வேலையின்போது ஏற்பட்ட காயங்களால் இறந்த 5,283 பேரில் 1,942 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், போக்குவரத்துச் சம்பவங்களில் இறந்தார்கள்.

சாதாரணக் கவனக்குறைவுக்கும் குற்றவியல் அலட்சியத்துக்கும் என்ன வேறுபாடு?

வழக்கின் உயிர்நாடியே இந்த வேறுபாடுதான். நம் பேச்சு மொழி இதை ஓரளவு பிரித்தே வைத்திருக்கிறது: கண்ணில் படாமல் போனால் கவனக்குறைவு, கண்ணில் பட்ட பிறகும் பொருட்படுத்தாமல் விட்டால் அலட்சியம். சட்டத்தின் கோடு சரியாக இதே இடத்தில் விழுவதில்லை என்றாலும் வெகு தொலைவிலும் விழுவதில்லை.

இங்கிலாந்தில் 1937 இல் தீர்ப்பான ஆண்ட்ரூஸ் வழக்கு இதற்கு நல்ல தொடக்கம். லீட்ஸ் நகரப் போக்குவரத்துத் துறையின் ஊழியர் ஒருவர், பழுதாகி நின்ற வண்டிக்கு உதவ வேன் ஓட்டிச் சென்றபோது பாதசாரி ஒருவரை மோதிக் கொன்றார். அதுவும் பணியிடப் போக்குவரத்து மரணம்தான். உரிமையியல் பொறுப்புக்குப் போதுமான கவனமின்மை, குற்றத்துக்குப் போதாது என்றும், மிக உயர்ந்த அளவிலான அலட்சியம் காட்டப்பட வேண்டும் என்றும் பிரபுக்கள் சபை அதில் கூறியது (அப்போது அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதுதான்). இந்திய உச்ச நீதிமன்றம் 2005 இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதே கருத்தை ஏற்றது. அது மருத்துவர் தொடர்பான வழக்கு என்றாலும், அலட்சியத்தின் அளவு குறித்து அது சொன்னதைப் பிற வழக்குகளிலும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றம், ஒரு நியாயமான மனிதரின் நடத்தையிலிருந்து வெளிப்படையாகவும் பெருமளவாகவும் விலகிய நடத்தை வேண்டும் என்கிறது.

ஆபத்து தனக்குத் தெரியவே தெரியாது என்று குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லிவிட்டால் தப்பிக்க முடியுமா என்றால், பெரும்பாலான நாடுகளில் முடியாது. அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது எது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் நடைமுறையில், தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்த வழக்குகள்தான் தண்டனையில் முடிகின்றன. தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகும் வழக்குகள் பாதி வழியிலேயே தள்ளாடுகின்றன.

எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழக்கு வரும்?

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு. அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறை. அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்கு, இரண்டாண்டு வரம்பு கொண்ட, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவே பொருந்தும். இலங்கையில் தண்டனைச் சட்டக் கோவையின் 298 ஆம் பிரிவு. சிங்கப்பூரின் 304ஏ பிரிவு, துணிந்து செய்த முரட்டுச் செயலுக்கு ஐந்தாண்டு வரையும் கவனக்குறைவுக்கு இரண்டாண்டு வரையும் என இரண்டையும் பிரித்துத் தண்டனை வைக்கிறது. இங்கிலாந்தில் பெரும் அலட்சியத்தால் நேர்ந்த கொலைக்கும், கனடாவில் குற்றவியல் அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கும் ஆயுள் தண்டனை வரை இடமுண்டு. இவற்றோடு தொழிற்சாலைச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம், பணியிடப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழும் தனிக் குற்றச்சாட்டுகள் வரக்கூடும்.

அரசுத் தரப்பு என்னென்ன நிரூபிக்க வேண்டும்?

குற்றம் சாட்டப்பட்டவருக்கு இறந்தவரின் பாதுகாப்பு குறித்து ஒரு கடமை இருந்தது. அந்தக் கடமையை அவர் மீறினார். அந்த மீறல் குற்றம் என்று சொல்லத்தக்க அளவுக்குக் கடுமையானது. அந்த மீறலால்தான் மரணம் நேர்ந்தது. இந்த நான்கையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். முதலாவதில் சச்சரவு குறைவு: முதலாளிக்கும், மேற்பார்வையாளருக்கும், வண்டி ஓட்டுபவருக்கும் கடமை உண்டு என்பதைப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. மூன்றாவதும் நான்காவதும்தான் வழக்கைத் தூக்கி நிறுத்தும் அல்லது கவிழ்க்கும் இடங்கள்.

விதிமீறல் இருந்தாலே குற்றம் நிரூபணமாகிவிடாதா?

ஆகிவிடாது. தகுதிச் சான்று காலாவதியான லாரி, எதிர்த் தடத்திலிருந்து பாய்ந்து வந்த காரோடு மோதியிருக்கலாம். சான்று இல்லாதது தவறுதான், ஆனால் மரணத்துக்கு அது காரணமல்ல. அதே லாரி சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடியிருந்து, சான்று பெறப் போயிருந்தால் அந்தப் பழுது கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்று நிபுணர் சொன்னால், அதே காகிதம் வழக்கின் மையத்துக்கு வந்துவிடுகிறது. எந்த விதி எந்த ஆபத்தைத் தடுக்க எழுதப்பட்டது, நடந்தது அதே ஆபத்துதானா என்று கேட்டுப் பார்ப்பது இங்கே உதவும்.

"வண்டி அதிவேகமாக வந்தது" என்று நேரில் பார்த்தவர் சொன்னால் போதாதா?

இந்தச் சாட்சியத்தை நம்பி நடத்தப்பட்டுத் தோற்ற வழக்குகள் ஏராளம். கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் (1998), லாரி கவிழ்ந்து 15 பேர் இறந்திருந்தும், "அதிவேகம்" என்பது ஒப்பீட்டுச் சொல், அது எவ்வளவு வேகம் என்று யாரும் விளக்கவில்லை, அந்த இடத்தில் அது ஏன் அலட்சியம் என்றும் காட்டப்படவில்லை என்று கூறி டிரைவரின் விடுதலையை இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வண்டி கவிழ்ந்ததே அலட்சியத்துக்குச் சான்று என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. 1979 இல் தீர்ப்பான சையத் அக்பர் வழக்கிலும், நடந்ததே தனக்குச் சாட்சி சொல்லும் என்ற கோட்பாட்டை வைத்துக் குற்றத்தை நிரூபித்துவிட முடியாது என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது.

ஆகவே வேகத்துக்கு எண் வேண்டும். பிரேக் போட்டு வழுக்கிய தடத்தை அளந்தால், 254 என்ற மாறிலி, டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பைக் காட்டும் உராய்வெண், மீட்டரில் தடத்தின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக் குறைந்தபட்ச வேகத்தைக் கணக்கிடலாம். 30 மீட்டர் தடத்துக்கு உராய்வெண் 0.7 என்று வைத்தால் மணிக்கு 73 கிலோமீட்டர் வரும், 0.5 என்று வைத்தால் ஏறத்தாழ 62 தான் வரும். காருக்குரிய எண்ணைப் பாரம் ஏற்றிய லாரிக்குப் போட்டுவிட்டு வந்த நிபுணரை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த 11 கிலோமீட்டரை வைத்தே கூண்டில் வியர்க்க வைப்பார். அதே சாலையில், அதே வகை வண்டியில் சோதனை ஓட்டம் நடத்தி உராய்வெண்ணை எடுத்திருந்தால் அந்தச் சங்கடம் வராது. கூடவே, மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, டிரைவர் ஆபத்தைக் கண்டு காலை வைக்க எடுக்கும் ஒன்றரை வினாடியிலேயே 25 மீட்டரைக் கடந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிற்க முடியாமல் போனது வேகத்தாலா, கவனம் சிதறியதாலா, அல்லது யாராலும் தவிர்த்திருக்க முடியாததா என்பது அந்த 25 மீட்டருக்குள்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் பொறுப்பு யாருடையது?

முதலில் கைதாவது எப்போதும் டிரைவர்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் அவர்தானே. ஆனால் ஸ்டீயரிங்குக்கு அருகில் இருப்பதும் குற்றத்துக்கு அருகில் இருப்பதும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் 2015 பிப்ரவரியில் டிப்பர் லாரி ஒன்று செங்குத்தான சாலையில் பிரேக் இழந்து இறங்கி ஒரு சிறுமி உட்பட நான்கு பேரைக் கொன்றது. பராமரிப்பில் நீண்ட நாள் அலட்சியம் இருந்தது நிரூபிக்கப்பட்டு, லாரி உரிமையாளருக்கு ஏழரை ஆண்டும், மெக்கானிக்குக்கு ஐந்து ஆண்டு மூன்று மாதமும் சிறை விதிக்கப்பட்டது. இளைஞரான டிரைவர் விடுவிக்கப்பட்டார்.

பழுது எப்படி "பேசுகிறது" என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டிரம் வகை ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் ஒரு தள்ளுதண்டை வெளியே தள்ளும். அது நெம்புகோல் வழியாகப் பிரேக் கட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். கட்டை தேயத் தேயத் தண்டு அதிக தூரம் போக வேண்டியிருக்கும் என்பதால், ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற பாகம் அந்த இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அது சரிசெய்யப்படாத வண்டியில், ஷெட்டிலிருந்து கிளம்பும்போது பிரேக் பிடிப்பது போலவே இருக்கும். மலைச் சரிவில் தொடர்ந்து மிதிக்கும்போது டிரம் சூடேறி விரியும். தண்டு தன் எல்லையை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் கட்டை அழுந்தாது. விபத்துக்குப் பிறகு ஆய்வாளர் காற்றை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்திலும் தண்டு நகரும் தூரத்தை அளப்பார். சூட்டில் நீலம் பாய்ந்த டிரம்மையும், கண்ணாடி போல் வழவழத்த கட்டைகளையும் படம் எடுப்பார். இந்தத் தேய்மானம் ஒரே இரவில் வருவதல்ல. வாரக்கணக்கில் யாரும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதற்கு அந்த மில்லிமீட்டர் கணக்கே சாட்சி.

இயந்திரச் சான்று பாதிதான். மறுபாதி காகிதத்தில் இருக்கிறது. "பிரேக் வலுவில்லை, பார்க்கவும்" என்று டிரைவர் பழுதுப் புத்தகத்தில் எழுதிய தேதி, அந்தப் பக்கத்தில் மேலாளர் போட்ட கையெழுத்து, அதற்குப் பிறகும் வண்டி வெளியே போனதைக் காட்டும் டிரிப் ஷீட், உதிரிபாகம் வாங்கியதற்கான ரசீது இல்லாமை ஆகிய நான்கையும் தேதி வரிசையில் அடுக்கினால், "எனக்குத் தெரியாது" என்ற வாதத்துக்கு இடமே இருக்காது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இரண்டு தீர்ப்புகள் இதே திசையில் செல்கின்றன. பிரேக் சரியாகப் பராமரிக்கப்படாத பேக்ஹோ என்ற மண் தோண்டும் இயந்திரம் தன் ஊழியர் ஒருவரையே நசுக்கிக் கொன்றதற்காக, அதை ஓட்டிய ஒப்பந்ததாரர் 2010 இல் தண்டிக்கப்பட்டார். 2012 இல் காற்றாலைப் பணியிடத்தில் கனரக லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்த வழக்கில், பிரேக் பராமரிப்பின் குறைகளுக்காகக் கட்டுமான நிறுவனமே 2019 இல் குற்றவாளியாகி 3 லட்சம் கனடா டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. இவற்றைவிடக் கடுமையானது இங்கிலாந்தின் டீபே சம்பவம். அங்கே 2004 பிப்ரவரியில், தண்டவாளப் பாரம் ஏற்றிய ரயில் டிரெய்லர் ஒன்று சரிவில் தானாக உருண்டு, இருட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு ரயில்வே தொழிலாளர்களைக் கொன்றது. அதன் ஹைட்ராலிக் பிரேக் இணைப்பு வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டிருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த மரத்துண்டுகளே அதைப் பிடித்து வைத்திருந்தன. நிறுவன உரிமையாளருக்கு ஒன்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. தானாகப் பழுதான பிரேக்குக்கும் கையால் கழற்றிவிடப்பட்ட பிரேக்குக்கும் இருக்கும் வேறுபாட்டை எந்த நடுவருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

டிரைவர் தூங்கிவிட்டார் என்றால் அது அவருடைய தவறு மட்டும்தானா?

தூக்கம் வருவதை உணர்ந்தும் ஓட்டியது அவருடைய தவறு. ஆனால் அவரை அந்த நேரத்தில் அந்த இருக்கையில் உட்கார வைத்தது யார் என்ற கேள்வி அதோடு முடிவதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம்; அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரமே ஓட்டலாம்; இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது.

இங்கிலாந்தின் எம்1 நெடுஞ்சாலையில் 2002 இல் லாரி டிரைவர் தூங்கிப்போய், அவரும் வேறு இருவரும் இறந்தார்கள். விசாரணை அந்த ஓர் இரவோடு நிற்காமல் நிறுவனத்தின் பழைய பதிவுகளுக்குள் போனது. ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோகிராஃபில் மோசடி செய்வது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது தெரியவந்து, இயக்குநருக்கு 2004 இல் ஏழாண்டுச் சிறை கிடைத்தது.

இப்படிப்பட்ட வழக்கில் ஒரே பதிவை நம்பக் கூடாது. டாக்கோகிராஃப் காட்டும் ஓய்வு நேரத்தில் அதே வண்டி சுங்கச்சாவடியைக் கடந்திருக்கிறதா, டீசல் போட்ட ரசீதில் என்ன மணி இருக்கிறது, சரக்கு ஏற்றிய கிடங்கின் நுழைவுப் பதிவு என்ன சொல்கிறது, "எங்கே இருக்கே, சீக்கிரம் வா" என்று ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு எத்தனை மணிக்கு வந்தது என்று ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். பொய்ப் பதிவு எழுதுபவர்கள் ஒரு புத்தகத்தைத் திருத்துவார்கள். ஐந்து இடங்களில் இருக்கும் நேரத்தைத் திருத்த அவர்களால் முடியாது.

வளாகத்துக்குள் நடந்த விபத்தில், சாலை விதிகள் பொருந்தாத இடத்தில், எதை வைத்து அளப்பது?

சாலை விதி இல்லாத இடத்தில் நிறுவனம் வகுத்த, அல்லது வகுக்காமல் விட்ட, நடைமுறையே அளவுகோல். நடப்பவருக்கும் வாகனத்துக்கும் தனித்தனிப் பாதை இருந்ததா, பின்னோக்கி வரும்போது சைகை காட்ட ஆள் நின்றாரா, ஓட்டுபவருக்கு உரிமமும் பயிற்சியும் இருந்தனவா, ரிவர்ஸ் ஒலிப்பான் வேலை செய்ததா என்பவற்றைக் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 2019 மே மாதம், பழைய வாகனங்களைப் பிரிக்கும் நிறுவனம் ஒன்றில் பின்னோக்கி வந்த போர்க்லிஃப்டில் சிக்கி ஒரு தொழிலாளி இறந்தார். ஓட்டியவருக்கு உரிமம் இல்லை; ஆட்களையும் வாகனங்களையும் பிரித்து வைக்க எந்த ஏற்பாடும் இல்லை; எழுத்தில் ஒரு பாதுகாப்பு முறை கூட இல்லை. குயின்ஸ்லாந்து மாகாணத்தின் தொழில்துறை மரணக் குற்றச் சட்டத்தின் கீழ் முதல் தண்டனையாக 2020 இல் நிறுவனத்துக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டு இயக்குநர்களுக்கும் பத்து மாதச் சிறை, நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையாக. பெரிய நிறுவனங்களில் கையேடு இருக்கும், கடைப்பிடித்தல் இருக்காது. அங்கே கையேட்டையே சாட்சியாக்கலாம், ஏனெனில் ஆபத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். கனடாவின் குவாரி ஒன்றில் 2007 இல், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே கனரக டிப்பரை ஓட்டிய இளம்பெண், சரிவில் உருண்ட அதே வண்டியில் சிக்கி இறந்தார். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தனிநபரை விட்டு நிறுவனத்தையே தண்டிக்க முடியுமா?

இன்று பல நாடுகளில் முடியும். முன்பு மிகக் கடினமாக இருந்தது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் செப்ரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் கப்பல், முன்கதவு திறந்தபடியே கடலுக்குள் போய்க் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் உறங்கிக்கொண்டிருந்தார். மூடியதா என்று தெரிந்துகொள்ளக் கப்பல் தலைவரிடம் எந்த விளக்குக் குறியும் இல்லை. ஆனாலும் இங்கிலாந்தில் நிறுவனத்தின் மீது நடந்த கொலை வழக்கு 1990 இல் சரிந்தது. நிறுவனத்தின் மூளையாகச் செயல்பட்ட ஒரே நபரிடம் முழுக் குற்றத்தையும் காட்ட வேண்டும் என்ற கோட்பாடே காரணம். அதே நாட்டில் ஏழு பேர் இறந்த 1997 சவுத்தால் ரயில் விபத்திலும் இதே சுவர்தான் குறுக்கே நின்றது. ரயில் நிறுவனம் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 15 லட்சம் பவுண்டு அபராதத்தோடு தப்பியது.

பிறகுதான் அங்கே 2007 இல் நிறுவனக் கொலைச் சட்டம் வந்தது. உயர் நிர்வாகம் பணிகளை ஒழுங்குபடுத்திய விதமே கடமை மீறலின் முக்கியப் பகுதி என்று காட்டினால் அதற்குப் போதும்; ஒரே குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. கனடாவில், 1992 இல் 26 பேரைப் பலிகொண்ட வெஸ்ட்ரே சுரங்க வெடிப்பைத் தொடர்ந்து, 2004 இல் குற்றவியல் சட்டத்தில் 217.1 என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: ஒருவர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் கொண்ட எவரும் அவருக்கு உடல் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் சட்டக் கடமை உடையவர்.

சட்டம் இருந்தும் வழக்கு கீழ்மட்டத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. 2013 ஜூலையில் கியூபெக்கின் லாக்-மெகாண்டிக் ஊரில், ஆளில்லாமல் உருண்டு வந்த கச்சா எண்ணெய் ரயில் தடம் புரண்டு எரிந்து 47 பேர் இறந்தார்கள். ரயில் ஓட்டுநர் உட்பட மூன்று ஊழியர்கள் மீது குற்றவியல் அலட்சியம் சாட்டப்பட்டது. போதுமான எண்ணிக்கையில் கைப் பிரேக் போடப்படவில்லை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையோ நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடு, பராமரிப்பு, கண்காணிப்பு என்று 18 காரணிகளைச் சுட்டியது. 2018 ஜனவரியில் நடுவர் குழு மூவரையும் விடுவித்தது. பதினெட்டுக் காரணங்களை மூன்று தோள்களில் ஏற்றப் பார்த்த வழக்கு என்றே அதை நான் பார்க்கிறேன்.

மரணத்துக்கு வேறு காரணங்களும் இருந்தால் வழக்கு நிற்குமா?

இது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்திலும் கனடாவிலும் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, கணிசமாகப் பங்களித்த காரணமாக இருந்தால் போதும். இந்திய நீதிமன்றங்கள் கண்டிப்பானவை: இடையில் வேறொருவரின் அலட்சியம் குறுக்கிடாத, நேரடியான, மிக அருகிலுள்ள காரணமாக இருக்க வேண்டும். 1965 இல் தீர்ப்பான ரங்வாலா வழக்கில், வண்ணப்பூச்சுத் தொழிற்சாலைத் தீயில் ஏழு தொழிலாளர்கள் இறந்தும், ஆபத்தான முறையில் நெருப்பைப் பயன்படுத்த அனுமதித்த மேலாளர் 304ஏ பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்டார். டர்பன்டைனை அவசரமாக ஊற்றிய ஊழியரின் செயலே நேரடிக் காரணம் என்றது நீதிமன்றம். எனவே உரிமையாளர் மீது குற்றம் சாட்டும் இந்திய வழக்கில், பழுதான வண்டியை அவரே வெளியே அனுப்பினார், டிரைவர் சொன்னதையும் மீறி அனுப்பினார் என்ற கண்ணியை முதலிலேயே இறுக்கிக் கட்ட வேண்டும்.

இறந்தவரும் தவறு செய்திருந்தால்?

குற்ற வழக்கில் அது தற்காப்பாகாது. 1846 இலேயே இங்கிலாந்தில் போட்டி போட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்ற இருவர், இறந்தவரும் கவனமாக இருக்கவில்லை என்று சொன்னபோது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் மரணத்துக்கு அவருடைய செயல் மட்டுமே காரணம் என்று வந்தால் கதை வேறு.

எந்தச் சான்றுகள் முதலில் காணாமல் போகும்?

சிசிடிவி பதிவுதான் முதலில் போகும். பல இடங்களில் சில வாரங்களுக்குள் பழைய காட்சிகளின் மேல் புதியவை தானாகவே பதிந்துவிடும். அடுத்தது வண்டியின் கணினி: திடீர் பிரேக் போட்ட பதிவுகளைச் சில லாரிகளின் இயந்திரக் கட்டுப்பாட்டகம் வைத்திருக்கும், வண்டியை மீண்டும் கிளப்பி ஓட்டினால் அவை அழிந்துபோகலாம். கார்களில் உள்ள பதிவுப் பெட்டி பெரும்பாலும் மோதலுக்கு முந்தைய ஐந்து வினாடிகளையே வைத்திருக்கிறது, ஆனால் அந்த ஐந்து வினாடிகளில் பிரேக் மிதிக்கப்பட்டதா என்பது இருக்கும். ஆகவே, வண்டியைத் தொடக் கூடாது, ஓட்டக் கூடாது, பதிவுகளை அழிக்கக் கூடாது என்று முதல் நாளே எழுத்தில் கேட்பது நல்லது; கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய மின்னணுப் பதிவுகளுக்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். அது இல்லாததால் தெளிவான காட்சிப் பதிவே பயன்படாமல் போவதுண்டு.

சக ஊழியர்களின் நினைவும் அழியும் சான்றுதான். ஒரு மாதம் கழித்து அவர்கள் சொல்வதில், தாங்கள் பார்த்தது எது, கேன்டீனில் கேட்டது எது என்று அவர்களுக்கே பிரிக்கத் தெரியாது.

நிறுவனத்தின் உள் விசாரணையில் டிரைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவருக்கு எதிராகப் பயன்படுமா?

பயன்படக்கூடும். அதனால்தான், அதிர்ச்சியில் இருக்கும் டிரைவரிடம் அதே இரவில் "கவனிக்காமல் ஓட்டிவிட்டேன்" என்று எழுதி வாங்கப்படும் ஒற்றைத் தாளைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அந்தத் தாள் யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் விடை பெரும்பாலும் டிரைவராக இருக்காது. வழக்கறிஞரிடம் பேசும் உரிமை அவருக்கு உண்டு.

குடும்பத்தார் இழப்பீடு பெற்றுக்கொண்டால் குற்ற வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. இழப்பீட்டுக்கு "நடந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்ற அளவே போதும். குற்றத்துக்கு அது போதாது. இரண்டும் தனித்தனி வழி.

விபத்துக்குப் பிறகு நிறுவனம் கண்ணாடி மாட்டியது, வேகத்தடை போட்டது, ஆள் நியமித்தது. இதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளலாமா?

ஒப்புதலாகக் கொள்வது நியாயமல்ல. அப்படிக் கொண்டால் விபத்துக்குப் பிறகு யாருமே எதையும் சரிசெய்யத் துணிய மாட்டார்கள். ஆனால் "இதைத் தடுக்க நடைமுறையில் வழியே இல்லை" என்று நிறுவனம் வாதிட்டால், அந்த வழி எத்தனை நாளில், எவ்வளவு செலவில் செய்து முடிக்கப்பட்டது என்பதை அந்த வேலைக்கான ரசீதைக் காட்டிக் கேட்கலாம். அதே வேலைக்கு முன்னரே யாராவது கோரிக்கை எழுதியிருக்கிறார்களா, இதே மூலையில் மயிரிழையில் தப்பிய சம்பவம் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பழைய பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்புகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மார்ச் மாதக் குறிப்பில் "ரிவர்ஸில் வரும் வண்டி தெரியவில்லை, குவி கண்ணாடி தேவை" என்றும், அதன் கீழே "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றும் இருந்து, மரணம் ஜூனில் நடந்திருந்தால், அரசு வழக்கறிஞர் முதலில் அடையாளமிட்டுக் கேட்கும் ஆவணம் அந்த மார்ச் மாதத் தாளாகவே இருக்கும்.